உறங்காத பத்தாண்டு

தொற்றுநோய்களின் கதை – 19

1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கினார் செல்லப்பன் நிர்மலா. வயது 32. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. துணைக்குக் கணவர் வந்திருந்தார். பெட்டிக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட சின்னக் குப்பிகள். சென்னையில் அரசுக் காப்பகம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம் அவற்றில் இருந்தது. அதுவரை அந்தக் குப்பிகள் இருந்தது நிர்மலாவின் வீட்டு ஃபிரிஜ்ஜில். எய்ட்ஸ் சோதனைக்கான வசதி அன்று சென்னையில் கிடையாது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் அப்போதுதான் அதைத் தொடங்கியிருந்தார்.

எலைசா தட்டு என்பது உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தகடு. அதில் 96 குழிகள். குழிகளின் அடியில் வைரஸின் புரதத்தைப் பூசியிருப்பார்கள். அதில் சீரத்தை விட்டு, சற்று நேரம் வைத்திருந்து, கழுவுவார்கள். அந்த வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி சீரத்தில் இருந்தால் குழியோடு ஒட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் கழுவும்போதே போய்விடும். கடைசியில் விடும் ரசாயனம், ஆன்டிபாடி ஒட்டிய குழியில் மட்டும் நிறம் மாறும். வேலூரில் ஆறு குழிகள் மஞ்சளாயின.

இப்படியொரு ஆய்வைச் செய்யும்படி நிர்மலாவைத் தூண்டியவர் பேராசிரியர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் மேல்நாட்டாரின் நோய், நம் ஊருக்கு வராது என்று பத்திரிகைகளும் பெரியவர்களும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. முடிவு எதிர்மறையாகத்தான் வரும் என்று நிர்மலாவே நினைத்திருந்தார். மறுபடி ரத்தம் எடுத்து, அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் முறையிலும் சோதித்து உறுதி செய்த பிறகு, மே மாதம் தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகப் பதிவானது இப்படித்தான்.

நம் தொடருக்கு முக்கியமான செய்தி இதற்குப் பிறகு இருக்கிறது. அந்த ஆறு பெண்களும் உடம்புக்கு முடியவில்லை என்று மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லர். ஆய்வுக்காக ரத்தம் கேட்டபோது கொடுத்தவர்கள். வைரஸ் உள்ளே இருக்கிறது என்று தட்டு சொல்லிவிட்டது. உள்ளே அது என்ன செய்துகொண்டிருக்கிறது? இந்தக் கேள்விக்குச் சென்னையில் மட்டுமல்ல, பாரிஸிலும் நியூயார்க்கிலும்கூட அன்று சரியான பதில் இல்லை. பெரும்பாலான மருத்துவர்கள் சொன்ன பதில், வைரஸ் உறங்குகிறது என்பது. ஒருநாள் விழிக்கும், அன்று எய்ட்ஸ் வரும் என்றார்கள். அந்தப் பதில் தப்பு என்று தெரிய ஏறத்தாழப் பத்தாண்டு பிடித்தது. அதற்குள் எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தப்பு எங்கே தொடங்கியது என்று பார்த்தால், மருத்துவம் இந்த நோயைச் சந்தித்த விதத்திலேயே தொடங்குகிறது. 1981 ஜூன் 5 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வாராந்தர அறிக்கையில், லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றி மைக்கேல் காட்லீப்பும் சக மருத்துவர்களும் எழுதினார்கள். ஐவருக்கும் நிமோசிஸ்டிஸ் நிமோனியா. புற்றுநோய் மருந்தாலோ உறுப்பு மாற்றத்தாலோ எதிர்ப்புச் சக்தி அற்றுப்போனவர்களை மட்டுமே தாக்கும் கிருமி அது. அறிக்கை வெளிவந்தபோது ஐவரில் இருவர் உயிரோடு இல்லை. இந்த நிமோனியாவுக்கான பென்டமிடின் மருந்து அந்த நாட்டில் அந்த மையத்திடம் மட்டுமே கிடைக்கும். அதை வழங்கும் பிரிவில் வேலை பார்த்த சாண்ட்ரா ஃபோர்டு, இத்தனை மருத்துவர்கள் திடீரென்று ஏன் இதைக் கேட்கிறார்கள் என்று ஏற்கெனவே தன் மேலதிகாரிக்கு எழுதியிருந்தார். அடுத்த மாதமே கபோசி சர்கோமா என்ற அரிய தோல் புற்றுடன் 26 பேர் பற்றிய அறிக்கை வந்தது.

அதாவது, வைரஸ் தன் வேலையை முடித்த பிறகுதான் மருத்துவர்கள் அதன் தடத்தையே பார்த்தார்கள். 1982இல் எய்ட்ஸ் என்ற பெயர் வந்தபோது அது அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வைத்த பெயர். அதற்கு முன்னால் ஒரு நெடிய பாதை இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. யாரிடம் முதலில் பார்த்தார்களோ அவர்களை வைத்தே நோயின் இலக்கணத்தையும் எழுதினார்கள். அதனால் கருப்பை வாய்ப் புற்றோடு வந்த பெண்களும் நுரையீரல் காசநோயோடு வந்த ஏழைகளும் பட்டியலில் சேர 1993 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பாரிஸில் வில்லி ரோசென்பாமும் அவருடைய நண்பர்களும் வேறுவிதமாக யோசித்தார்கள். வெள்ளையணுக்கள் எல்லாம் அழிந்துபோன நோயாளியிடம் போய் வைரஸைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? நோய் முற்றாத ஒருவரிடம் தேட வேண்டும். 1983 ஜனவரியில், கழுத்தில் நெறி கட்டியிருந்த ஓர் இளைஞரிடமிருந்து ஒரு நிணநீர்க் கணுவை அறுத்தெடுத்துப் பாஸ்டர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பிரான்சுவாஸ் பாரே-சினூசி அந்தச் செல்களைக் குடுவையில் வளர்த்து, சில நாளுக்கொரு முறை அந்தத் திரவத்தைச் சோதித்துவந்தார். அவர் தேடியது ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியை. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும் அந்த நொதி இருந்தால், ரெட்ரோவைரஸ் வகை ஒன்று உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.

நொதி தென்பட்டது. ஏறியது. பிறகு இறங்கத் தொடங்கியது. பார்த்தால் குடுவையில் இருந்த செல்கள் செத்துக்கொண்டிருந்தன. செல்களோடு வைரஸும் கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சி, ரத்த தானம் செய்தவர் ஒருவரின் புதிய வெள்ளையணுக்களைக் குடுவையில் சேர்த்தார்கள். நொதி மறுபடி ஏறியது. புதிய செல்களும் சாகத் தொடங்கின. அதுவரை மனிதரிடம் தெரிந்திருந்த ரெட்ரோவைரஸ், செல்களைப் பெருக்கிப் புற்றுநோயாக்கும் ரகம். இது கொல்கிற ரகம். பின்னாளில் உடம்புக்குள் பத்தாண்டில் நடப்பதாகத் தெரியவந்த அத்தனையும், அந்தக் குடுவையில் சில வாரங்களில் நடந்துமுடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பாரே-சினூசி, ஜான்-குளோட் ஷெர்மன், லுக் மான்டனியே குழுவின் கட்டுரை அந்த ஆண்டு மே மாதம் வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் கேலோ குழு 1984இல் இந்த வைரஸ்தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று நிறுவியது. யார் முதல் என்ற சண்டை பல ஆண்டு நீண்டது. அதற்குள் நாம் போக வேண்டாம். 1986இல் எச்.ஐ.வி. என்ற பெயர் நிலைத்தது. 2008இல் பாரே-சினூசிக்கும் மான்டனியேவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கொல்வது எப்படி என்று பார்ப்போம். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டை இந்த வைரஸ். அதனிடம் இருப்பது ஒன்பதே ஒன்பது மரபணு. மேற்புறத்தில் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருப்பது ஜி.பி.120 என்ற புரதம். அது போய்ப் பற்றுவது சி.டி.4 என்ற புரதத்தை என்று 1984 டிசம்பரில் லண்டன், பாரிஸ் குழுக்கள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்தன. பற்றியது போதாது, சி.சி.ஆர்.5 என்ற இன்னொரு புரதமும் வேண்டும் என்பது 1996இல் தெரிந்தது. இரண்டும் கிடைத்ததும் வைரஸின் உறை செல்லின் சவ்வோடு கலந்துவிடும். உள்ளே நுழைந்த ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வாக எழுதப்பட்டு, செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் வெட்டி ஒட்டப்படும். அதன் பிறகு அந்த செல்லிலிருந்து வைரஸைப் பிரித்தெடுக்க வழியில்லை. செல் விழித்துச் செயல்படும்போதெல்லாம் வைரஸின் பாகங்களும் தயாராகும். புரோட்டியேஸ் என்ற நொதி அவற்றைச் சரியான அளவில் நறுக்கிக் கொடுக்க, புது வைரஸ்கள் செல்லின் சவ்விலிருந்து மொட்டுவிட்டு வெளியேறும்.

சி.டி.4 புரதத்தைச் சுமந்திருக்கும் செல்களில் முக்கியமானவை உதவி டி செல்கள். அவை தாமாகக் கிருமியைக் கொல்வதில்லை. ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்லுக்கு உத்தரவு தருவது, தொற்றிய செல்லைக் கொல்லும் டி செல்லை உசுப்புவது, கிருமியை விழுங்கும் பெருவிழுங்கிகளுக்குத் தெம்பு கொடுப்பது எல்லாம் அவற்றின் பொறுப்பு. அவை போனால் மற்ற அணுக்கள் இருந்தும் பயனில்லை. வைரஸ் குறிவைப்பது இந்த இடத்தை.

தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரத்தில் பலருக்குக் காய்ச்சல் வரும். தொண்டை வலி, உடம்பில் தடிப்பு, கழுத்திலும் அக்குளிலும் நெறி. ஃபுளூ என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொள்வார்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அந்த நாட்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் வைரஸ் இருக்கலாம். ஆன்டிபாடி இன்னும் உருவாகாததால் அன்றைய எலைசா தட்டு எதுவும் காட்டாது. ரத்தத்தில் சி.டி.4 எண்ணிக்கை இறங்கும், பிறகு ஓரளவு ஏறும். ஆனால் பெரிய சேதம் ரத்தத்தில் இல்லை, குடலில் நடக்கிறது. நம் எதிர்ப்பு செல்களில் பெரும்பங்கு குடல் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. உணவோடு வரும் ஆயிரம் கிருமிகளைப் பார்த்துக்கொள்ள அவை எப்போதும் விழிப்பாக இருப்பவை. வைரஸுக்கு வேண்டியதும் அப்படி விழித்திருக்கும் செல்தான். முதல் சில வாரத்திலேயே குடலின் சி.டி.4 செல்களில் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன என்பது 2004இல் நோயாளிகளின் குடல் திசுவை எடுத்துப் பார்த்தபோது உறுதியாயிற்று. பாதுகாப்பு குன்றிய குடல் சுவர் கசியத் தொடங்குகிறது. பாக்டீரியாவின் துகள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அதைக் கண்டு உடம்பு முழுவதும் எதிர்ப்பு மண்டலம் கொந்தளிக்கிறது. கொந்தளிக்கும் செல்கள் வைரஸுக்கு இன்னும் சுலபமாகக் கிடைக்கின்றன. காய்ச்சல் விட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய ஆளுக்கு இதில் எதுவுமே தெரியாது.

அப்புறம் வருவதுதான் அந்த மௌனம். மருந்து இல்லாத காலத்தில் அது சராசரியாக எட்டு முதல் பத்து ஆண்டு. சிலருக்கு இரண்டு மூன்று ஆண்டிலேயே முடிந்துவிடும். மிகச் சிலர் இருபது ஆண்டு தாண்டியும் மருந்தே இல்லாமல் நன்றாக இருந்திருக்கிறார்கள். இந்தக் காலத்தில் கல்யாணம் நடக்கிறது, குழந்தை பிறக்கிறது, லாரி ஓடுகிறது, வயலில் நடவு நடக்கிறது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் சுவர்களிலெல்லாம் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று கேட்ட விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். மக்களைப் பேசவைத்த நல்ல விளம்பரம் அது. ஆனால் அந்தக் கேள்வி இந்தப் பத்தாண்டைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. புள்ளிராஜாவுக்கு எச்.ஐ.வி. வந்துவிட்டதா, வந்திருந்தால் அவர் சோதித்துக்கொண்டாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

1980களில் இந்த மௌனத்தை ‘மறைந்திருக்கும் கட்டம்’ என்றே பாடப் புத்தகங்கள் எழுதின. காரணம் இல்லாமல் இல்லை. ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், வைரஸை உற்பத்தி செய்யும் செல் பத்தாயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோதான் அகப்பட்டது. இத்தனை குறைவான செல்லில் இருக்கும் வைரஸ் எப்படி ஆளைக் கொல்லும் என்று 1987இல் கலிஃபோர்னியாவின் பீட்டர் டூஸ்பெர்க் கேட்டார். எச்.ஐ.வி.யால் எய்ட்ஸ் வருவதே இல்லை என்ற முடிவுக்கும் போனார். கேள்வி நியாயமானது, முடிவு நாசகரமானது. பதில் தெளிவாகக் கிடைத்துப் பல ஆண்டு கழிந்த பிறகும் தென்னாப்பிரிக்காவின் அதிபர் தாபோ எம்பெக்கி இந்த வாதத்துக்குக் காது கொடுத்தார், அரசு மருத்துவமனைகளில் மருந்து தருவதைத் தள்ளிப்போட்டார். அந்தத் தாமதத்தால் போன உயிர்கள் 3,30,000க்கும் மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் மதிப்பிட்டார்கள். அறிவியலில் விடை தெரியாத ஓர் இடைவெளி இத்தனை உயிரைக் குடித்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

சட்டமும் அந்த மௌனத்தைப் புரிந்துகொள்ளவில்லை. கோவாவில் டொமினிக் டி’சோசா வழக்கமாக ரத்த தானம் செய்துவந்தவர். 1989இல் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் போலீஸ் வந்து அழைத்துப்போய், பழைய காசநோய் விடுதி ஒன்றில் 64 நாள் தனியாகப் பூட்டிவைத்தது. பக்கத்தில் இருப்பதால் யாருக்கும் தொற்றாத வைரஸ் அது. அவரோ நோய் எதுவும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்த இளைஞர். சிகிச்சை என்று சொல்ல எதுவும் கையில் இல்லாத அரசு, பூட்டை மட்டும் எடுத்து நீட்டியது.

உறக்கக் கதை 1993 மார்ச்சில் உடைந்தது. அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ரத்தத்தை விட்டுவிட்டு நிணநீர்க் கணுக்களைப் பார்த்தன. ஒன்று ஆன்டனி ஃபௌசியின் ஆய்வகம், மற்றது ஆஷ்லி ஹாஸின் குழு. டி செல், பி செல் போன்ற நம் லிம்ஃபோசைட்டுகளில் ரத்தத்தில் ஓடுவது நூற்றுக்கு இரண்டுதான். மீதியெல்லாம் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் இருக்கின்றன. நோய்க் குறியே இல்லாதவர்களின் கணுக்களில் வைரஸ் அப்பிக்கிடந்தது. தொற்றிய செல்கள் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. கணுவின் உள்ளமைப்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துகொண்டிருந்தது. பாரிஸ்காரர்கள் பத்தாண்டுக்கு முன் தேடிப்போன அதே இடம்!

எவ்வளவு வேகம் என்பது 1995 ஜனவரியில் தெரிந்தது. நியூயார்க்கில் டேவிட் ஹோ, சோதனையில் இருந்த ஒரு புரோட்டியேஸ் தடுப்பு மருந்தை இருபது பேருக்குக் கொடுத்து, அடிக்கடி வைரஸை அளந்தார். அலபாமாவில் ஜார்ஜ் ஷாவும் ஏறத்தாழ அதையே செய்தார். மருந்து புது உற்பத்தியை நிறுத்தியதும் இரண்டு வாரத்தில் வைரஸ் நூறில் ஒரு பங்காகச் சரிந்தது. அந்தச் சரிவின் சாய்வை வைத்து, லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஆலன் பெரல்சன் கணக்குப் போட்டார். உற்பத்தியை நிறுத்தியதும் இத்தனை சீக்கிரம் காலியாகிறதென்றால், நிறுத்துவதற்கு முன் அதே வேகத்தில் உற்பத்தி நடந்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு செம்மையாக்கிய கணக்கின்படி ஒரு நாளைக்குப் பிறக்கும் வைரஸ் ஆயிரம் கோடி. தொற்றிய செல்லின் ஆயுள் இரண்டு நாள். அழியும் சி.டி.4 செல்களுக்கு ஈடாக உடம்பு தினம் இருநூறு கோடி செல்லை உண்டாக்கிக்கொண்டிருந்தது.

தொட்டியின் குழாயும் முழுக்கத் திறந்திருக்கிறது, அடியில் வடிகாலும் திறந்திருக்கிறது. நீர்மட்டம் மட்டும் அசையாதது போலத் தெரிகிறது என்று ஹோ விளக்கினார். பத்தாண்டாக மருத்துவம் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. உடம்பு களைத்து ஓய்ந்ததால் மட்டும் மட்டம் இறங்குவதில்லை, ஓயாத அழற்சியும் செல்களைத் தின்கிறது என்று பின்னால் வந்தவர்கள் அவர் கணக்கைத் திருத்தினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் வார்னர் கிரீன் குழுவினர் நிணநீர்த் திசுவில் கண்டது அதைவிடக் கொடுமை. சாகும் சி.டி.4 செல்களில் மிகப்பெரும்பாலானவை வைரஸை உற்பத்தி செய்பவையே அல்ல. உள்ளே நுழைந்த வைரஸ் பாதியில் நின்றுபோக, அரைகுறையாக எழுதப்பட்ட அதன் டி.என்.ஏ.வைக் கண்டு செல் தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொள்கிறது. வெடிப்பிலிருந்து கொட்டும் ரசாயனங்கள் இன்னும் செல்களை அங்கே இழுத்துவருகின்றன. வந்தவையும் அதேபோல் சாகின்றன.

இந்த வேகம் இன்னொரு புதிரையும் விடுவித்தது. 1987இல் வந்த ஏ.இசட்.டி. மருந்து ஏன் சில மாதத்தில் கைவிட்டது? வைரஸின் நொதி எழுதும்போது எழுத்துப் பிழை மிகுதி, திருத்தும் ஏற்பாடும் இல்லை. சுமார் பத்தாயிரம் எழுத்து நீளமுள்ள மரபுத் தொகுப்பைத் தினம் கோடிக்கணக்கான முறை பிழையோடு நகலெடுத்தால், ஒற்றை மருந்தை ஏமாற்றும் பிழை ஒன்று ஏற்கெனவே உள்ளே இருந்தே தீரும். மூன்று மருந்தையும் ஒருசேர ஏமாற்றும் பிழைகள் ஒரே வைரஸில் அமைவது அரிது. 1996 ஜூலையில் வான்கூவர் மாநாட்டில் மூன்று மருந்துச் சேர்க்கையின் வெற்றி உலகுக்குத் தெரிந்தது. அதே ஆண்டு ஜான் மெல்லர்ஸ், 1980களின் நடுவில் சேகரித்து உறையவைத்திருந்த சுமார் 180 பேரின் ரத்தத்தை வெளியே எடுத்து வைரஸ் அளவைச் சோதித்தார். அன்று நல்ல உடல்நிலையில் இருந்தவர்களில் யார் சீக்கிரம் இறந்தார்கள், யார் நெடுநாள் வாழ்ந்தார்கள் என்பதை அந்தப் பழைய குப்பிகள் அப்படியே சொல்லின. வைரஸ் அதிகம் இருந்தவர்கள் முதலில் போயிருந்தார்கள்.

மௌனம் கலைவதும் சட்டென்று நடப்பதில்லை. ஆரோக்கியமானவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் சி.டி.4 செல்கள் 500 முதல் 1,500 வரை இருக்கும். அது இறங்க இறங்க உடம்பு ஜாடை காட்டும். விலாவில் பட்டையாக அக்கி வரும். இளம் வயதில், அதுவும் இரண்டாம் முறை வந்தால் அனுபவமுள்ள மருத்துவர் உடனே யோசிப்பார். நாக்கில் சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படலம், மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, இடுப்பில் வேட்டி நிற்காத அளவு இளைப்பு. 200க்குக் கீழே போனால் எய்ட்ஸ் என்பது 1993இல் அமெரிக்கா வகுத்த வரையறை. நிமோசிஸ்டிஸ் நிமோனியா வருவது அந்தக் கட்டத்தில். 100க்குக் கீழே மூளையில் டாக்சோபிளாஸ்மா. தாங்க முடியாத தலைவலியோடு வரும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல். 50க்குக் கீழே சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தின்றுவிடும். இவற்றில் பல கிருமிகள் நம்மில் பலருடைய உடம்பில் இப்போதும் இருப்பவைதான். ஆளைக் கொல்பவை அவை. அவற்றை அடக்கிவைத்திருந்த செல்களை அகற்றுவது எச்.ஐ.வி.

நம் ஊரில் இந்த வரிசை காசநோயில் தொடங்கும். சென்னையில் சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய கட்டுரையில் நிமோசிஸ்டிஸ் வெகு பின்னால் நிற்கிறது; முதலிடத்தில் நுரையீரல் டி.பி. இந்தியர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்குக் காசநோய்க் கிருமியைச் சுமந்திருக்கிறோம். அதைச் சுற்றி எதிர்ப்பு செல்கள் அரண் கட்டி அடைத்துவைத்திருக்கின்றன. அந்த அரணுக்குக் காவல் சி.டி.4 செல்கள். காவல் போனால் கிருமி வெளியே வருகிறது. அதைவிடச் சிக்கல், நுரையீரலில் ஏற்படும் குழிப் புண்ணே எதிர்ப்புச் சக்தியின் வினைதான் என்பது. அது இல்லாதவருக்குக் குழியும் விழாது, சளியில் கிருமியும் எளிதில் தென்படாது. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை, சளியும் சுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் டி.பி.யாலேயே இறந்திருக்கிறார்கள். 1928இல் காசநோய் விடுதியாகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியம், 1990களில் நாட்டின் மிகப் பெரிய எய்ட்ஸ் சிகிச்சை இடங்களில் ஒன்றாக மாறியதற்கு இந்த உறவே காரணம். மற்ற இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்களை அங்கே கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

மருந்து வந்தும் நமக்கு எட்டவில்லை. ஓர் ஆண்டுக்கு ஒருவருக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மூன்று மருந்துச் சேர்க்கையை 350 டாலருக்குத் தருகிறேன் என்று 2001இல் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது சொன்ன பிறகே கதவு திறந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. (இந்தக் கூட்டு மருந்துச் சிகிச்சை) திட்டத்தைத் தொடங்கியது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. ஆனால் மருந்து கிடைக்க சி.டி.4 200க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது நோய் முற்றியிருக்க வேண்டும். 240 இருக்கும் ஒருவரை, போய்விட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பினார்கள். பணப் பற்றாக்குறை ஒரு காரணம், மருந்தின் பக்கவிளைவு இன்னொன்று. ஆனால் இரண்டுக்கும் அடியில், மௌனமான ஆண்டுகளில் பெரிதாகச் சேதமில்லை என்ற பழைய நினைப்பும் இருந்தது என்றே நான் கருதுகிறேன். 1995இலேயே கணக்கு தெரிந்துவிட்டதே!

அந்த நினைப்பு போக மூன்று பெரிய ஆய்வுகள் தேவைப்பட்டன. 2006இல் ஸ்மார்ட் ஆய்வு, சி.டி.4 ஏறியதும் மருந்தை நிறுத்தி, இறங்கியதும் தொடங்கினால் சாவு கூடுகிறது என்று காட்டியது. கூடிய சாவுகளில் பல, எய்ட்ஸ் நோய்களால் அல்லாமல் இதயம், சிறுநீரகம், ஈரல் பழுதானதால் வந்தவை; ஓயாத அழற்சியின் வேலை. 2011இல் எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வின் முடிவு வந்தது. ஒன்பது நாடுகளில் கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த 1,763 இணைகள் பங்கேற்ற ஆய்வு அது. சென்னையும் அதில் ஒரு களம். சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைந்தது. 2015இல் ஸ்டார்ட் ஆய்வு, சி.டி.4 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்குவதுதான் நல்லது என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 350, 500 என்று ஏற்றிக்கொண்டே வந்த கோட்டை அந்த ஆண்டு அழித்துவிட்டது. இந்தியா 2017 ஏப்ரலில் பின்தொடர்ந்தது. இன்று ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் ஒருவருக்கு, எண்ணிக்கை எதுவானாலும் மாத்திரை உண்டு. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் தென்படாத நிலைக்கு வந்தவர், உடலுறவின் வழி யாருக்கும் அதைக் கொடுப்பதில்லை. அவருக்கு எய்ட்ஸ் என்ற கட்டமே வராமல் போகலாம்.

அப்படியானால் மாத்திரையை என்றைக்கு நிறுத்துவது? வைரஸ் சரிந்த வேகத்தைப் பார்த்து, மூன்று ஆண்டு மருந்து கொடுத்தால் முற்றிலும் ஒழிந்துவிடலாம் என்று ஹோவே ஒருகாலத்தில் நம்பினார். 1997இல் ராபர்ட் சிலிசியானோ குழு உட்பட மூன்று குழுக்கள் அந்த நம்பிக்கையைக் கலைத்தன. பழைய கிருமிகளை நினைவில் வைத்துக்கொண்டு பல்லாண்டு ஓய்ந்திருக்கும் சி.டி.4 செல்கள் உண்டு. அப்படிப்பட்ட செல்களில் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில், முழு வைரஸின் மரபுத் தொகுப்பு ஒட்டிக்கிடந்தது. அது உற்பத்தி எதுவும் செய்வதில்லை. அதனால் மருந்துக்கும் எதிர்ப்பு மண்டலத்துக்கும் தெரிவதில்லை. மருத்துவர்கள் முதலில் சொன்ன உறக்கம் அந்தக் கொஞ்சம் செல்களில் மட்டும் உண்மை. மருந்தை நிறுத்திய சில வாரத்தில் வைரஸ் அங்கிருந்து திரும்பி வருகிறது. இந்தச் சேமிப்பு பாதியாகக் குறைய 44 மாதம் ஆகும், முழுக்கத் தீர அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும் என்று சிலிசியானோ குழு கணக்கிட்டது. அந்தக் கணக்கைத் தாண்டி முதலில் குணமானவர், 2007இல் பெர்லினில் ரத்தப் புற்றுக்காக ஸ்டெம் செல் மாற்றிக்கொண்ட அமெரிக்கர் டிமோதி ரே பிரவுன். அவருக்குச் செல் கொடுத்தவரின் உடம்பில் பிறவியிலேயே சி.சி.ஆர்.5 வேலை செய்யவில்லை. அந்தச் சிகிச்சையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)